சாப்பிட்டீர்களா என்று கேட்ட பிறகு

எங்கள் தெருவில் ஒரு பெரிய வீடு இருக்கிறது. முன்வாசல் இந்தத் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கும் படைப்பு என்று வந்தால் இருநூறு பேர் பந்தியில் உட்காருவார்கள். மற்ற நாள்களில் அங்கே இருப்பது ஓர் ஆச்சி மட்டும். மூத்த மகன் சென்னையில், இளையவர் சிங்கப்பூரில். காலையில் நான் காரைக்குடிக்கு வேலைக்குப் போகும்போது ஆச்சி முகப்பில் உட்கார்ந்திருப்பார்கள். "சாப்பிட்டீர்களா ஆச்சி?" என்பேன். "ஆயிற்று தம்பி" என்பார்கள். வண்டியை நான் நிறுத்தியதே இல்லை. இரண்டு வருடங்கள் இப்படியே போயின.

ஒருநாள் மாலை டயர் பஞ்சராகி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "சாப்பிட்டேன் தம்பி. மூன்று நாளாக அதே குழம்புதான்" என்றார்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அந்த இரண்டாவது வாக்கியம் என் காதில் விழுந்திருக்காது. "ஏன் ஆச்சி, மூன்று நாளாக?" என்று கேட்டேன்.

"நாற்பது பேருக்கு அளந்த கை இது. ஓர் ஆளுக்குப் புளி எவ்வளவு கரைப்பது என்று இந்தக் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. எப்படி வைத்தாலும் மிஞ்சிப்போகிறது."

அன்று அரை மணி நேரம் அங்கே நின்றேன். இரண்டு வருடங்களில் தெரிந்துகொள்ளாத ஒரு மனுஷியை அந்த அரை மணி நேரத்தில் தெரிந்துகொண்டேன். வீட்டில் கூட்டம் குறையக் குறையப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பரணுக்கு ஏறிய கதையைச் சொன்னார்கள். முதலில் அண்டாக்கள், பிறகு பெரிய உருளிகள், பிறகு நடுத்தரப் பானைகள். இப்போது அடுப்படியில் மூன்றே பாத்திரங்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது. அன்றாடப் பேச்சிலிருந்து உண்மையான உறவு எப்படி உண்டாகிறது, பேச்சில் எந்த இடத்தில் அது நடக்கிறது என்பதை, இதைப் பற்றி முதன்முறையாக யோசிப்பவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதல் கேள்வியைத் தாழ்வாக நினைத்துவிட வேண்டாம். "சாப்பிட்டீர்களா?", "எங்கே, கடைக்கா?", "மழை வரும் போலிருக்கிறதே" என்பவற்றால் தெரிந்துகொள்ளும் தகவல் என்று எதுவும் இல்லை. கையில் பையுடன் போகிறவர் கடைக்குத்தான் போகிறார் என்பது கேட்பவருக்கே தெரியும். நியூகினியாவுக்குக் கிழக்கே இருக்கும் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் நெடுநாள் தங்கி அங்குள்ள மக்களின் பேச்சைக் கவனித்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, 1923-இல் இதைப் பற்றி எழுதினார். இத்தகைய பேச்சு எந்தக் கருத்தையும் சுமந்து வருவதில்லை, பேசிக்கொள்வதனாலேயே இருவரிடையே ஒரு பிணைப்பு உண்டாகிறது என்பது அவர் கண்டது. குசலம் விசாரிப்பது கதவைத் தட்டுவது போன்றது. தட்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. என் தவறு, இரண்டு வருடங்கள் தட்டிவிட்டுக் கதவு திறப்பதற்குள் ஓடிப்போனது.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு நம் மொழியிலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. 'கேள்' என்றால் வினவு என்று பொருள். 'கேள்' என்றால் செவிகொடு என்றும் பொருள். வினவுவதையும் செவிகொடுப்பதையும் தமிழன் ஒரே வினைச்சொல்லில் வைத்திருக்கிறான். போதாக்குறைக்கு, பழந்தமிழில் 'கேள்' என்ற பெயர்ச்சொல்லுக்கு உறவு, நட்பு என்று பொருள்; உறவினரும் நண்பரும் 'கேளிர்'. ஒலி ஒன்றாக இருப்பதால் வேரும் ஒன்று என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் வினவி, செவிகொடுத்து, உறவாவது என்ற மூன்று படிகளும் ஒரே ஓசையில் அமைந்திருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

செவிகொடுப்பது எப்படி என்று நம் ஊர்ப்பக்கத்து ஆள்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் 'கேதம் கேட்கப் போகிறேன்' என்கிறோம். அங்கே போய் யாரும் எதையும் துருவிக் கேட்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருகிறோம். அந்த வீட்டுக்காரர் தாமாகத் தொடங்குகிறார்: எத்தனை மணிக்கு மூச்சு இழுத்தது, கடைசியாக என்ன கேட்டார், யார் வாயில் தண்ணீர் விட்டார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதையே சொல்கிறார். 'இதைத்தான் முன்பே சொன்னீர்களே' என்று யாரும் சொல்வதில்லை. யாரும் கைபேசியை எடுப்பதில்லை. 'என் மாமனார் போனபோதும் இப்படித்தான்' என்று தன் கதையைக் கொண்டுவந்து நடுவில் போடுபவரை மற்றவர்கள் ஒரு பார்வை பார்க்கிறார்கள். எழும்போது 'போய்வருகிறேன்' என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிறோம். இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்த நாம், அந்தத் திறமையைச் சாவு வீட்டுக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பையனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காத வீட்டில், கடையை மூடிவிட்ட வீட்டில், மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் வீட்டில் இப்படி யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

இனி இரண்டாவது கேள்வி. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பேச்சில் அதிகமாகக் கேள்வி கேட்பவர்களை எதிரில் இருப்பவர்களுக்கு அதிகமாகப் பிடித்துப்போகிறது என்று தெரிந்தது. எல்லாக் கேள்விகளும் ஒரே பலனைத் தரவில்லை. எதிராளி இப்போது சொன்னதையே பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர் கேள்விதான் பெரும்பங்கு வேலையைச் செய்தது. காரணம் எளிது. முதல் கேள்வியை முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்ளலாம். தொடர் கேள்வியை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. சொன்னதைக் கேட்டிருந்தால்தான் அது வரும். ஆகவே கேட்டதற்கு அதுவே சாட்சி.

காரைக்குடி பழைய பஸ் நிலையத்தின் பக்கம் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒருவர் சொல்கிறார்: "மகளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது." இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். "என் தங்கை மகளும் சென்னையில்தான் இருக்கிறாள், நாற்பதாயிரம் சம்பளம்" என்பது ஒன்று. "அப்படியா, அவள் என்ன சொல்கிறாள்? கிளம்பிவிட்டாளா?" என்பது இன்னொன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் டெர்பர் அன்றாடப் பேச்சுகளை ஆராய்ந்து இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். முதல் வகைப் பதில் பேச்சைத் தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. இரண்டாவது, பேச்சைச் சொன்னவரிடமே விட்டுவைத்துத் தாங்கிப் பிடிக்கிறது. திருப்புகிறவர் கெட்டவர் இல்லை. நானும் உன்னைப் போலத்தான் என்று அன்போடு சொல்லத்தான் பலரும் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் மகளை முதன்முதலாக வெளியூருக்கு அனுப்பப் போகும் ஒரு தகப்பனின் படபடப்பு அந்த நாற்பதாயிரத்துக்குக் கீழே நசுங்கிவிடுகிறது. அவர் சொல்ல வந்தது ஒருவேளை வேலையைப் பற்றியே இல்லாமல் இருக்கலாம்.

கேள்வி என்றால் எந்தக் கேள்வியும் ஆகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். "சம்பளம் எவ்வளவு?", "ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை?", "குழந்தைக்கு டாக்டரைப் பார்த்தீர்களா?" என்ற கேள்விகளை நம் ஊரில் அக்கறை என்ற பெயரில் கேட்கிறார்கள். இவை ஆளைத் துருவுகின்றன. எனக்கு ஓர் அளவுகோல் உண்டு: இந்தக் கேள்விக்கான பதில் அவருக்குச் சொல்ல ஆசையா, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையா? அவர் தாமாகத் தொட்ட விஷயத்தைப் பற்றி மட்டும் கேட்டால் பெரும்பாலும் தவறுவதில்லை. ஆச்சி குழம்பைப் பற்றிச் சொன்னார்கள், நான் குழம்பைப் பற்றிக் கேட்டேன். 'ஏன் மகன்களோடு போய் இருக்கக் கூடாது?' என்று கேட்டிருந்தால் "அது அப்படித்தான் தம்பி" என்று பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். பல மாதங்கள் கழித்து அந்தக் காரணத்தையும் அவர்களே சொன்னார்கள். அதை இங்கே எழுத மாட்டேன். ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை டீக்கடைக்குக் கொண்டுபோனால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார்.

செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். முன்வாசலில் நின்றால் நேர்கோட்டில் ஒவ்வொரு நிலைவாசலாகத் தெரிந்து, கடைசியில் பின்வாசல் வெளிச்சம்வரை கண் போகும். ஆனால் கண் போகிற தூரம் கால் போக முடியாது. வழிப்போக்கர் திண்ணையோடு நிற்பார். கணக்கு வழக்குக்கு வந்தவர் முகப்பில் உட்காருவார். உறவினர் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவுக்குள் வருவார். அடுப்படிவரை போகிறவர்கள் வெகு சிலர். நெருக்கமும் இப்படித்தான் ஒவ்வொரு கட்டாக உள்ளே போகிறது. உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, 45 நிமிடங்களில் 36 கேள்விகளை ஒருவரையொருவர் மாறி மாறிக் கேட்கச் சொன்னார்கள். கேள்விகள் எளிதாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக ஆழம் போகும். வெறும் அரட்டைப் பேச்சு பேசிய ஜோடிகளைவிட இவர்கள் ஒருவருக்கொருவர் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள்.

அதில் நான் கவனிப்பது இரண்டு செய்திகளை. ஒன்று, படிப்படியாகப் போவது. முதல் நாளே தன் குடும்ப வேதனை முழுவதையும் கொட்டுபவர், செருப்போடு அடுப்படிக்குள் நுழைந்தவரைப் போல எதிராளியைத் திகைக்க வைக்கிறார். மற்றொன்று, மாறி மாறிச் சொல்வது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகு நாள் ஆயிற்று. கேட்பதுதான் உயர்ந்தது என்று நினைத்துக்கொண்டு என்னைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் ஆச்சியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர்களே, "நீங்கள் என்ன தம்பி, உங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லையே" என்றார்கள். அப்பா இறந்து ஆறு மாதமாகிறது, அவருடைய மூக்குக் கண்ணாடியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இன்னும் அலமாரியில் அப்படியே வைத்திருக்கிறேன் என்று சொன்னேன். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. ஆச்சி பதில் எதுவும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு கந்தரப்பம் வைத்துக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பேச்சு இரு பக்கமும் நடந்தது.

அந்தப் பதில் சொல்லாமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மொழிகளைப் பேசுபவர்களின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒருவர் கேள்வி கேட்டு முடித்ததற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் இடைவெளி என்று காட்டியது. அவ்வளவு வேகமாக நாம் வார்த்தையால் இடத்தை நிரப்புகிறோம். கனமான ஒன்றை ஒருவர் சொன்னதும் "எல்லாம் சரியாகிவிடும்", "நீங்கள் இப்படிச் செய்யுங்கள்" என்று உடனே வந்துவிழுவது இந்தப் பழக்கத்தால்தான். மூன்று விநாடிகள் பொறுத்தால் பெரும்பாலும் அவரே அடுத்த வாக்கியத்தைச் சொல்வார். ஆச்சியின் 'மூன்று நாளாக அதே குழம்புதான்' அப்படி வந்த வாக்கியம்.

பேச்சு என்றதும் திண்ணையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வது நம் வழக்கம்; அதில் ஒன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. திண்ணையில் எல்லோரும் உட்காரவில்லை. அந்தக் காலத்தில் யார் உட்கார்ந்தார்கள், யார் கீழே நின்றபடி பதில் சொன்னார்கள் என்பது இந்த ஊர்ப் பெரியவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். ஒருவர் உட்கார்ந்தும் ஒருவர் நின்றும் நடப்பது விசாரணை; அதில் நிற்பவர் உண்மையில் தன் மனத்தைச் சொல்ல மாட்டார். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் வாட்ச்மேன் அண்ணனிடமும் உண்மையாகப் பேச ஆசைப்படுபவர் முதலில் செய்ய வேண்டியது, "உட்காருங்கள்" என்று சொல்வது. தானும் அதே உயரத்தில் உட்காருவது.

இவ்வளவு தெரிந்தும் நாம் ஏன் பேசத் தயங்குகிறோம்? விடியற்காலையில் காரைக்குடியில் புறப்படும் பல்லவன் ரயிலில் சென்னைவரை பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனவன் நான். அவருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்தேன். அவரும் அதையே நினைத்திருக்கலாம். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில் சிகாகோ நகரத்து ரயில், பஸ் பயணிகள் சிலரைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாக இருக்கச் சொன்னார்கள். தனியாகப் போவதுதான் இனிமையாக இருக்கும் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். பேசிப் போனவர்களுக்கே பயணம் அதிக இனிமையாக இருந்தது. 2018-இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், புதியவர்கள் இருவர் பேசி முடித்த பிறகு ஒவ்வொருவரும் தன்னை மற்றவருக்குப் பிடித்த அளவைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். 'ஏதோ உளறிவிட்டேன், என்ன நினைத்திருப்பாரோ' என்று இரவு புரளுகிறவர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதல் தர வேண்டும். அவர் உங்களைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிடப் பெரும்பாலும் நல்லபடியாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்தது காலம். கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி ஹால் 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராவதற்குச் சேர்ந்து கழிக்கும் நேரம் சுமார் 50 மணி, நண்பராக 90 மணி, நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். அமெரிக்காவில் எடுத்த கணக்கு இது. நம் ஊருக்கு எண் மாறலாம். டீக்கடையில் தினம் பத்து நிமிடங்கள் என்று வைத்துக்கொண்டால் 50 மணி நேரத்துக்கு 300 நாள்கள் ஆகும். ஒரு வருடத்தில் எட்டிவிடும் தூரம்தான். அவசரம் வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இந்த நாள்களைக் கோத்துத் தருவது ஞாபகம். முந்தின நாள் சொன்னதை மறுநாள் கேட்பது. "கண் டாக்டரிடம் போகிறேன் என்றீர்களே, என்ன சொன்னார்?" என்பதை எந்தச் சாமர்த்தியப் பேச்சும் ஈடுகட்டாது. பர்மா, மலேயா, சிங்கப்பூர் என்று கொண்டுவிற்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்யப் போன இந்த ஊர்க்காரர்களுக்கு இது தொழிலாகவே இருந்தது. கிட்டங்கி என்ற வணிகக் கூடத்தில் வரிசையாகப் பெட்டியடிகளை, அதாவது கணக்குப் பார்க்கும் பெட்டி மேசைகளைப் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், கடன் கேட்டு வருகிறவரோடு பேசியே அவருடைய நாணயத்தை அறிந்துகொள்ள வேண்டியிருந்தது. போன மாதம் அவர் சொன்னது இந்த மாதம் நினைவில் இல்லாவிட்டால் தொழில் நடக்காது. அவர்கள் லாபத்துக்காக வைத்திருந்த ஞாபகத்தை நாம் அன்புக்காக வைத்துக்கொள்ளலாம். நான் சில சமயம் காலண்டர் தாளில் குறித்துக்கூட வைப்பேன். அதில் போலித்தனம் ஒன்றும் இல்லை. மறக்கக் கூடாது என்று நினைப்பதே அக்கறை.

உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் சொன்னது. எங்கள் பக்கத்து ஊர்களில் ஆள் இல்லாத வளவுகளை எண்ணத் தொடங்கினால் அந்தக் கணக்கு எனக்கு வியப்பளிக்கவில்லை.

போன கார்த்திகையில் ஆச்சியின் சிங்கப்பூர் மகன் ஊருக்கு வந்திருந்தபோது என்னிடம் வருத்தப்பட்டார். தினமும் போன் செய்கிறாராம். அங்கே இரவு ஒன்பது, இங்கே ஆறரை. "மருந்து சாப்பிட்டீர்களா ஆத்தா, உடம்பு எப்படி இருக்கிறது, கதவைப் பூட்டினீர்களா" என்று கேட்டால் "ஆயிற்று, ஆயிற்று" என்று நான்கு நிமிடங்களில் வைத்துவிடுகிறார்களாம். நான் பஞ்சரான டயரின் கதையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, பிள்ளையைப் பேசச் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பதினொரு வயதுப் பையன். அப்பத்தாவிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் போனைக் கண்டால் ஓடுகிறவன். வளவுச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் பழைய படங்களில் ஒவ்வொன்றிலும் இருப்பது யார் என்று அவனைக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் சிங்கப்பூர் திரும்பி ஒரு வாரம் இருக்கும். ஏழே கால் மணிக்கு அந்த வழியாக வந்தேன். வழக்கமாக ஆறு மணிக்கே எரியும் முகப்பு விளக்கு எரியவில்லை. பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். வளவு முழுக்க இருட்டு. ஆச்சி ஒரு மர நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கைபேசியை மேலே தூக்கிப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். என் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்கள்.

"தம்பி, அந்த விளக்கைப் போடுங்கள். மூன்றாவது படத்தில் மீசை தெரியவில்லை என்கிறான்."